கோர்ட்டுக்குப் போன பந்து: ஆங்கில மரபுத்தொடர்களும் நம் வீட்டுப் பேச்சும்

1986ஆம் வருஷம். அவென்யூ ரோட்டில் நான் சொந்தமாகக் காகிதக் கடை போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பம்பாயிலிருந்து வந்த ரீம்களில் பாதி வழியிலேயே மழையில் நனைந்து, ஓரமெல்லாம் அலை அலையாக எழும்பி வந்து சேர்ந்தது. விலையைத் தள்ளிக் கொடுக்கச் சொல்லி எழுதினேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது. நூற்றுக்கு இவ்வளவு தள்ளித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, கடைசி வரியில் 'தி பால் இஸ் நௌ இன் யுவர் கோர்ட்' என்று முடித்திருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த கோர்ட் அப்போது ஒன்றே ஒன்றுதான். கேஸ் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெரிந்த வக்கீல் ஒருவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஊரில் இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். கடிதத்தைப் படித்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நயினார், இது டென்னிஸ் ஆட்டம். பந்து உங்க பக்கம் வந்திருக்கு, நீங்க திருப்பி அடிங்கன்னு சொல்றான்" என்றார். ஃபீஸ் வாங்கவில்லை, காபிதான் வாங்கிக் கொடுத்தார். நான் திருப்பி அடிக்க உட்கார்ந்தபோது தள்ளுபடிக்குக் கொடுத்த கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

பெரிய தொகை இல்லை. ஆனால் அன்று ஏறிய ரோசம் இறங்கவில்லை. கடையிலிருந்து நாலடி நடந்தால் பழைய புத்தகக்காரர்கள். அவர்களிடம் அகராதிகளாக வாங்க ஆரம்பித்தேன். முதலில் லிஃப்கோ. பிறகு வின்ஸ்லோ 1862இல் வெளியிட்ட பெரிய தமிழ் ஆங்கில அகராதியின் மறுபதிப்பு. பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் கையில் கிடைத்த தொகுதிகள். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரை. ஆகவே இக்கட்டுரையில் வருவதைப் பேராசிரியர் வாக்காகக் கொள்ளாமல், சரக்கைத் தொட்டுப் பார்த்து வாங்கிப் பழகிய ஒருவன் வாக்காகக் கொள்ளும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் என் கடையில் ஒரு சிறு புத்தகம் நன்றாக விற்கும். 'இடியம்ஸ்' புத்தகம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எத்தனையோ பேர் பதிப்பித்திருக்கிறார்கள்; உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றேதான். இடது பக்கம் ஆங்கில மரபுத்தொடர், வலது பக்கம் பொருள். நாற்பது வருஷமாக விற்றவன் என்ற முறையில் அந்தப் புத்தகங்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

பொருள் தப்பாக இருக்கிறது என்பது என் குறை அல்ல. பொருள் சரியாகத்தான் இருக்கிறது. 'கிக் தி பக்கெட்' என்றால் 'இறத்தல்' என்று போட்டிருக்கும். உண்மைதான். ஆனால் யார் யாரைப் பற்றி எப்போது சொல்லலாம் என்பது அந்தப் புத்தகத்தில் இருக்காது. நம்மிடத்திலும் காலமானார், இயற்கை எய்தினார், தவறிட்டார், போய்ச் சேர்ந்தார், மண்டையைப் போட்டார் என்று வரிசையாக உண்டு. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் 'உங்க அப்பா எப்ப மண்டையப் போட்டாரு' என்று கேட்டுவிட்டு, அகராதியில் பொருள் சரியாகத்தானே இருக்கிறது என்று வாதாட முடியுமா? 'கிக் தி பக்கெட்' என்பது நம் 'மண்டையைப் போடுதல்' உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் உட்கார வேண்டியது. அந்த ஒரு வரிக் குறிப்பு புத்தகத்தில் இல்லாததால் பிள்ளை அதை இரங்கல் கடிதத்திலும் எழுதும்.

இரண்டாவது குறை, சரக்கின் வயசு. மழை பெய்தால் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று எழுதாத பள்ளிப் பிள்ளை உண்டா? நாயும் பூனையும் மழையில் ஏன் வந்தன என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எதையும் நம்ப வேண்டாம். நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கலிவரின் பயணங்களை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், 1738இல் வெளியான ஒரு நூலில் இந்தத் தொடரை எடுத்து வைத்திருக்கிறார். அந்த நூல் எதற்காக எழுதப்பட்டது தெரியுமா? பெரிய மனிதர்கள் விருந்தில் உட்கார்ந்து தேய்ந்து போன பேச்சையே திரும்பத் திரும்பப் பேசுவதைக் கிண்டல் செய்ய. ஆக அந்த ஊர்க்காரனே 1738இல் பழசு என்று சிரித்த சரக்கை நம் பிள்ளைகள் புதுசாக அட்டை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். 'வானம் பொத்துக்கிட்டு ஊத்துது' என்று நம் ஊரில் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள், குடையைத் தேடுவார்கள்.

மூன்றாவது, தொடருக்குப் பின்னால் இருக்கிற ஊரைக் காட்டுவதில்லை. 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்பதற்கு 'தேவையற்ற செயல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். தேவையற்ற செயல் உலகத்தில் ஆயிரம் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே, டைன் ஆற்றங்கரையில் இருக்கிற நியூகாசில் நகரம் நிலக்கரி ஏற்றுமதியாலேயே பிழைத்த ஊர். அங்கே ஒருவன் நிலக்கரியைச் சுமந்துகொண்டு விற்கப் போனால் எப்படி இருக்கும்? கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனது போல இருக்கும். இதைச் சொல்லிவிட்டால் பிள்ளை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டால், பரீட்சை முடிந்த மறுநாள் மறந்து போகும்.

எங்கள் தொழிலில் முன்காலத்தில் உண்டியல் என்று ஒன்று உண்டு. கோயிலில் காசு போடும் உண்டியல் அல்ல. ஓர் ஊர் வியாபாரி இன்னோர் ஊர் வியாபாரிக்கு, இதைக் கொண்டு வருபவருக்கு இவ்வளவு பணம் கொடு என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தக் காகிதத்துக்குத் தன்னளவில் மதிப்புக் கிடையாது. போய்ச் சேரும் ஊரில் அதை மதித்துப் பணத்தை எண்ணி வைக்க ஒரு கடை இருந்தால்தான் மதிப்பு. மரபுத்தொடரை நான் அப்படித்தான் நினைக்கிறேன். சொற்களைக் கூட்டிப் பார்த்தால் பொருள் வராது. கேட்பவர் மனசில் அதற்குப் பணம் எண்ணி வைக்கக் கடை திறந்திருக்க வேண்டும். 1986இல் பம்பாய்க்காரர்கள் எனக்கு அனுப்பிய உண்டியலுக்கு என்னிடம் கடை இல்லை.

மரபு என்ற சொல் பழையது. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயலே உண்டு. எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் என்பதெல்லாம் அங்கே பேசப்படுகிறது. பிறகு வந்த நன்னூலில் பவணந்தி முனிவர், எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படி அறிவுடையோர் சொல்லி வந்தார்களோ அப்படியே சொல்வது மரபு என்று விளக்கம் தருகிறார். பெங்களூர்த் தமிழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நன்னூலை எழுதச் செய்தவன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசன். கங்கர் வழியில் வந்தவன். அந்த மரபினர் கோலாரின் பழம்பெயரைத் தங்கள் விருதுப்பெயரில் சுமந்தவர்கள். எண்ணூறு வருஷமாகத் தமிழ்ப் பிள்ளைகள் ஓதுகிற இலக்கணம், இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சீமையோடு தொடர்புடைய அரசன் கேட்டு எழுந்தது. பவணந்தியார் எங்கள் சமயத்தவர் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. (கொஞ்சம் அதற்காகவும்தான்.)

அதே பவணந்தியார் நூலை முடிக்கும் இடத்தில், பழையது கழிவதும் புதியது வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு, அது பிழையாகாது என்கிறார். முன்னே சொன்னதற்கும் பின்னே சொன்னதற்கும் முரண் இல்லையா என்று வெகுநாள் குழம்பினேன். கடையில் உட்கார்ந்து யோசித்தபோது முரணாகத் தெரியவில்லை. புதுச் சரக்கை எடுக்காத கடை நிலைக்காது. வருவதையெல்லாம் எடுக்கிற கடையும் நிலைக்காது. எதை எடுப்பது என்பதற்குத் தராசு எது என்பதுதான் கேள்வி.

இந்தத் தராசை நம் நாளிதழ்கள் மீது வைத்துப் பார்க்கலாம். ஆங்கிலத் தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அவர்கள் கொண்டுவந்தவற்றில் பல நன்றாக நிலைத்துவிட்டன. 'பச்சைக்கொடி காட்டினார்' என்றால் யாருக்குப் புரியாது? ரயிலில் போன ஒவ்வொருவரும் கார்டு கையில் பச்சைக்கொடியைப் பார்த்திருக்கிறோம். 'சிவப்பு நாடா' என்பதும் அப்படியே. அரசு அலுவலகங்களுக்கு ஃபைல் கட்டும் நாடாவைக் கட்டுக் கட்டாகச் சப்ளை செய்தவன் நான். அதில் ஒரு மனு மாட்டிக்கொண்டால் என்ன கதியாகும் என்பது எனக்கு இலக்கணம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 'தேன்நிலவு' 1961இல் சினிமாப் படத்துக்கே பெயராகிவிட்டது. 'முதலைக் கண்ணீர்' ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்று ஏற்கெனவே முதலையைப் பற்றி நம் ஆட்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. இந்த நந்திமலைப் பக்கம் பிறந்து திருவண்ணாமலைச் சீமைக்கு ஓடுகிற தென்பெண்ணையில், சாத்தனூர் அணையில், முதலைப் பண்ணையே இருக்கிறது. ஆகவே அந்த உண்டியல் உடனே செல்லுபடியாயிற்று. 'ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்' என்று நம்மிடம் இதற்கு ஏற்கெனவே ஒன்று உண்டு. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

'வெள்ளை யானை'யைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பராமரிக்கச் செலவு பிடிக்கிற, பயன் தராத திட்டத்தை அப்படி எழுதுகிறார்கள். சயாம் நாட்டு அரசர் தமக்குப் பிடிக்காதவருக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுத்து, தீனி போட்டே அவரை ஓட்டாண்டியாக்குவார் என்று ஒரு கதை. ஆங்கிலேயனுக்கு அந்தக் கதை போதும். நமக்கு வெள்ளை யானை என்றால் இந்திரனுடைய ஐராவதம். எங்கள் திகம்பர மரபில், தீர்த்தங்கரரைக் கருவுற்ற தாய் காணும் பதினாறு கனவுகளில் முதலில் வருவதே வெள்ளை யானை. மங்கலத்துக்கு மங்கலமான ஒன்றைக் கொண்டுபோய், ஓடாத பஸ் நிலையத்துக்கும் திறக்காத வணிக வளாகத்துக்கும் பெயராக வைத்தால் வாய் எப்படி வரும்? அதுவும், 'யானையைக் கட்டித் தீனி போடுறது' என்று அதே பொருளில், யானையோடு சேர்த்தே, நம்மிடம் தொடர் இருக்கும்போது! இதைத்தான் சொந்தக் கடையில் இருக்கிற சரக்கை வெளியூரிலிருந்து கூடுதல் விலைக்கு வரவழைப்பது என்கிறேன்.

இன்னொன்று மாங்காய் விஷயம். ஆங்கிலேயன் ஒரே கல்லில் இரண்டு பறவையைக் கொல்கிறான். கன்னடத்திலும் ஒரே கல்லுக்கு இரண்டு ஹக்கி என்றுதான் சொல்கிறார்கள். தமிழன் ஒரே கல்லில் அடித்தது இரண்டு மாங்காய். இதில் எனக்குள்ள சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, விளக்கில் பூச்சி விழக்கூடாது என்று பார்த்து வளர்ந்த வீட்டில் பிறந்தவன். அண்மைக்காலத்தில் சில தமிழ்க் கட்டுரைகளில் 'ஒரே கல்லில் இரண்டு பறவைகள்' பறந்து வருவதைப் பார்க்கிறேன். எழுதியவர் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதியிருக்கிறார். மாங்காய் அவர் மரத்திலேயே காய்த்துத் தொங்குகிறது, நிமிர்ந்து பார்க்கவில்லை.

'சவப்பெட்டியில் கடைசி ஆணி' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எரிக்கிற வழக்கமுள்ள எங்கள் வீட்டில் அதற்குக் கடை இல்லை. கிறிஸ்தவ அன்பர் ஒருவர் எழுதினால் அவர் கண்ணால் கண்டதை எழுதுகிறார்; அதில் குறை சொல்ல எனக்கு இடமில்லை. 'பனிப்பாறையின் நுனி'க்கு அந்தச் சமாதானமும் கிடையாது. பனிப்பாறையைப் பார்த்த தமிழர் எத்தனை பேர்?

இப்படிச் சொல்லிக்கொண்டு வரும்போது என் தராசையே கவிழ்க்கிற ஒரு சொல் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் வியாபார தர்மம். அது 'பனிப்போர்'. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடந்ததைச் சொல்ல வந்த ஆங்கிலத் தொடரின் பெயர்ப்பு. அங்கே 'கோல்ட்' என்றால் குளிர்ந்தது, சூடு இல்லாதது, துப்பாக்கி வெடிக்காதது. நம் பனி மார்கழிப் பனி. அதற்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? என் கணக்குப்படி இந்தச் சொல் செத்திருக்க வேண்டும். ஆனால் இன்று மாமியாருக்கும் மருமகளுக்கும் பனிப்போர், பக்கத்து வீட்டோடு பனிப்போர், கட்சிக்குள் பனிப்போர் என்று சக்கைப்போடு போடுகிறது. ஏன் என்று என் வீட்டம்மாவிடம் கேட்டேன். "பனி சத்தமில்லாமத்தானே எறங்குது? காலைல பார்த்தா எல்லாம் நனைஞ்சிருக்கும்" என்றார். ஆக, ஆங்கிலத் தொடருக்குப் பின்னால் இருந்த சரக்கை விட்டுவிட்டு, நம் மக்கள் தாங்களே ஒரு சரக்கை அதன் பின்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பவணந்தியாருக்கு இது பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கன்னடத்துக்கு வருகிறேன். நான் 1978இல் இந்த ஊருக்கு வந்து உறவினர் கடையில் நின்றபோது எனக்குக் கன்னடம் ஒரு சொல் தெரியாது. முதல் வாரம், கூலி பேசும்போது மூட்டை தூக்குகிறவர் சிரித்துக்கொண்டே, "கிவி மேலெ ஹூ இடபேடி" என்றார். கிவி செவி, ஹூ பூ என்று அந்த நொடியிலேயே பிடிபட்டுவிட்டது. காதில் பூ சுற்றாதே என்கிறார்! யாரும் பொருள் சொல்லவில்லை, வக்கீலிடம் ஓடவில்லை, கூலியை ஏற்றிக் கொடுத்தேன். 'அங்கை ஹுண்ணிகெ கன்னடி பேகே' என்று இங்கே சொல்வதும், கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று நாம் சொல்வதும் ஒரே தச்சன் செய்த இரண்டு ஸ்டூல். எது எதிலிருந்து வந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒரே வெயிலில், ஒரே மாதிரிக் கொல்லைப்புறத்தில் வளர்ந்த பேச்சு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் கன்னடத்தை வீதியில் விளையாடிக் கற்கிறார்கள். அதனால் அதன் மரபுத்தொடரை அவர்கள் பிழையில்லாமல் பேசுகிறார்கள் என்பது நோக்கத்தக்கது. யாரும் அதற்குப் பட்டியல் புத்தகம் வாங்கிக் கொடுக்கவில்லை.

நம் ஊரே ஒருகாலத்தில் ஆங்கில மரபுத்தொடராக ஆனது இளைஞர்களுக்குத் தெரியுமோ என்னவோ. 2004, 2005 வாக்கில் அமெரிக்காவில், தன் வேலை இந்தியாவுக்குப் போய்விட்டதால் வேலை இழந்தவரை 'பெங்களூர்ட்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். டி-சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். 2009 மே மாதத்தில் அதிபர் ஒபாமா வரிச் சட்டம் பற்றிப் பேசும்போதும் பெங்களூரையும் தம் நாட்டு பஃபலோ நகரத்தையும் எதிர் எதிரே நிறுத்தினார். அங்கே ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்ததற்குப் பெயர் பெங்களூர். அதே நாளில் இங்கே நம் பிள்ளைகள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்ததற்கும் பெயர் பெங்களூர். பட்டியல் புத்தகத்தில் போட்டால் ஒரு பொருள்தான் வரும். 2014 நவம்பர் 1 முதல் ஊரின் பெயர் ஆங்கிலத்திலும் பெங்களூரு ஆகிவிட்டது. அந்தத் தொடரும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. இதற்கும் முன்னால், 1912இல் நம் அல்சூர்ப் பக்கத்து மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக் கண்டுபிடித்த, முள்கம்பி வேலியைத் தகர்க்கும் வெடிகுழாய்க்கு உலகம் முழுக்க 'பெங்களூர் டார்பிடோ' என்றே பெயர். அந்தப் படையின் சிப்பாய்களுக்கு இன்றைக்கும் செல்லப்பெயர் 'தம்பி'. வெடிக்கு ஊர்ப்பெயர், சிப்பாய்க்கு நம் வீட்டுப்பெயர். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இனி, இக்கட்டுரையை நான் எழுத ஒப்புக்கொண்டதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பரில் ஒரு மதியம். நான் கடையில். மகனும் மருமகளும் ஆபீசில். வீட்டில் என் வீட்டம்மாவும், பி.யூ.சி. படிக்கிற பேத்தியும் மட்டும். வந்தவாசியிலிருந்து ஃபோன், என் வீட்டம்மாவின் தம்பி கிணற்றடியில் வழுக்கி விழுந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று. ஃபோனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், "அய்யோ, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலையே" என்று சொல்லியிருக்கிறார்.

குழந்தை பயந்துவிட்டது. கை கால் வேலை செய்யவில்லை என்றால் பக்கவாதம், ஒரு நிமிஷமும் வீணாக்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 108க்கு அடித்து, பாட்டிக்குக் கையும் காலும் அசையவில்லை என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. என் வீட்டம்மா எவ்வளவோ சொல்லியும் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டம்மா எல்லாவற்றையும் தூக்கிக் காட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். தம்பி என்ன ஆனான் என்று தெரியாமல் அந்த மூன்று மணி நேரம் அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். (தம்பி பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாக இருக்கிறார்.)

வீட்டுக்கு வந்ததும் பேத்தி என்னிடம் தனியாகக் கேட்டாள்: "தாத்தா, ஆயா ஏன் அப்படிச் சொன்னாங்க? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. பக்கவாதமாக இருந்திருந்தால் அவள்தான் உயிரைக் காப்பாற்றியவள். பதற்றத்தில் ஒன்றும் தோன்றாமல் தடுமாறுவதைத்தான் அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன். "ஓ, அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்!" என்றாள் உடனே. பத்தாம் வகுப்பில் என் கடைப் புத்தகத்தில் படித்தது. முழு மார்க் வாங்கியிருந்தாள். அந்தத் தொடரை இதுவரை யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா, யாராவது உன்னிடம் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தக் குழந்தை பேச ஆரம்பித்தபோது, என் மருமகளைக் கூப்பிட்டு, "இங்கிலீஷ்லயே பேசும்மா, நாளைக்கு இது யார் முன்னாலயும் முழிக்கக் கூடாது" என்று சொன்னவன் நான். பம்பாய்க் கடிதமும் வக்கீலின் சிரிப்பும் என் மனசில் அப்போதும் இருந்தன. வெளியூர்க் கடிதத்துக்குக் கடை திறந்து வைக்க நினைத்தேன். அதைத் திறக்கிற அவசரத்தில் வீட்டுக் கடையை நானே பூட்டியிருக்கிறேன். பூட்டியது சாவியோடு தெரியாது. 'சாப்டியா', 'வந்தியா', 'தூங்கு' என்கிற அளவுக்குத் தமிழ் நடந்துகொண்டுதான் இருக்கும். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று சங்கத்தில் கை தூக்கலாம். யாருக்காவது உயிர் பதறுகிற நேரத்தில்தான் தெரியும்.

இதற்கு முன்னால் வேறொருவர் இந்த நிலையில் இருந்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. பீட்டர் பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணை வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னையில் வெளியிட்டார். வெளியாளுக்கு அப்படியொரு பட்டியல் தேவைப்பட்டது. தாம் வெளியாள் என்பது அவருக்குத் தெரியும். நம் பக்கம் முன்றுறை அரையனார் என்ற சமணர், ஒவ்வொரு வெண்பாவிலும் ஒரு பழமொழியை வைத்து நானூறு பாடினார். அவர் பழமொழிக்குப் பொருள் எழுதவில்லை. ஒரு நிலைமையைச் சொல்லி, அதன் முடிவில் பழமொழியைக் கொண்டுவந்து வைத்தார். இந்த வித்தியாசத்தை நான் அவ்வளவு நாள் கவனிக்காதது என் அறியாமை.

மறுநாள் கடையிலிருந்து ஒரு பெரிய பேரேடு எடுத்து வந்து பேத்தியிடம் கொடுத்தேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. இடது பக்கத்தில் ஆயா சொன்ன தொடர். வலது பக்கத்தில் பொருள் எழுதக் கூடாது. யாரிடம், எந்தச் சமயத்தில் சொன்னார் என்று மட்டும் எழுத வேண்டும். 'அவன் என் தலையில மொளகா அரைச்சிட்டான்: காய்கறிக்காரர் போன பிறகு, தாத்தாகிட்ட.' 'வாயில வெரல வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது: எதிர் வீட்டுப் பையனைப் பத்தி, அம்மாகிட்ட, நம்பாம.' அந்த 'நம்பாம' என்ற சொல்லை அவளாகவே சேர்த்தாள். எந்தப் பட்டியல் புத்தகத்திலும் நான் அப்படியொரு குறிப்பைப் பார்த்ததில்லை. சந்தேகம் வந்தால் பார்க்க, 1997இல் மொழி அறக்கட்டளை வெளியிட்ட தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதியை வாங்கிக் கொடுத்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தரும் நல்ல அகராதி. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்ப்பவர்கள் தேடிப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது. ஆனால் பேரேட்டை எழுதிய பிறகு அகராதியைத் திறக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி.

ஒரு தொடரில் மட்டும் தகராறு வந்தது. ஊரிலிருந்து தம்பி தானே ஃபோனில் பேசியபோது என் வீட்டம்மா, "என் வயித்துல பாலை வார்த்தடா" என்று சொன்னார். பேத்தி அதை எழுதிக்கொண்டு வந்து, இது நிம்மதியா, சந்தோஷமா, நன்றியா என்று கேட்டாள். மூன்றும்தான் என்றேன். மூன்றும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று அவள் விடவில்லை. என் வீட்டம்மா அடுப்படியிலிருந்து, "அது எழுதுறதுக்கு இல்லடி. உன் ரிசல்ட் வர்ற அன்னைக்கு நான் சொல்றேன், அப்ப தெரியும்" என்றார்.

ஏப்ரலில் ரிசல்ட் வந்தது. பேரேட்டில் அந்தத் தொடருக்கு எதிரே இருக்கிற கட்டத்தில் தேதி மட்டும் எழுதியிருக்கிறாள்.